எல்லாரும் திரும்பிய பக்கம்

பிரின்சிபாலுக்கு ஒரு பழக்கம் உண்டு. வராந்தாவில் எதிரே வரும் பிள்ளையின் தலையை வாஞ்சையோடு தடவிக் கொடுப்பார். பிள்ளை நாலடி நகர்ந்ததும் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து, தடவிய விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொள்வார். புதிதாகச் சேர்ந்த பிரெஞ்சு டீச்சர் இதை முதல் நாளே பார்த்துவிட்டாள். ஆனால் பிழைக்க வந்த இடத்தில் முதலாளியின் கைக்குட்டையைப் பற்றி யாரிடம் போய் முறையிடுவது? முகத்தைக் கழுவிக்கொண்டு வகுப்புக்குப் போனாள்.

அந்த வேலை அவளுக்குச் சும்மா கிடைத்துவிடவில்லை. முன்பு இருந்த பள்ளிக்கூடத்தை இழுத்து மூடிவிட்டார்கள். அதற்குப் பிறகு வீட்டில் உட்கார்ந்து, "நான் அப்பவே சொன்னேன்" என்று ஆரம்பிக்கும் புருஷனின் புத்திமதிகளைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப் போயிருந்த நேரத்தில்தான் இது வந்தது. இங்கே இருந்த டீச்சர் பிரசவத்துக்குப் போனவள் திரும்பி வரவில்லை. ஆண்டு விழாவில் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் பிரெஞ்சில் வழி கேட்டு, வழி சொல்லும் நிகழ்ச்சியை நன்றாக நடத்திக் காட்டினால் வேலை நிரந்தரம். சொதப்பினால் வந்த வழியே போகலாம் என்று பிரின்சிபால் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார்.

பிரெஞ்சு வகுப்பு என்று அவளுக்குக் காட்டிய அறை ஒரு காலத்தில் உடைந்த நாற்காலிகளைப் போட்டு வைத்த அறை. தரைவிரிப்பில் ஈரக் காலுறை வாடை. சுவரில் ஒரு பெரிய தொடுதிரை. பிள்ளைகளின் கை எட்டுகிற உயரம் வரைக்கும் அது பிசுபிசுவென்று இருந்தது. கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு மஞ்சள் அட்டை தொங்கியது. இந்த அறைக்குள் பிரெஞ்சைத் தவிர வேறு பாஷை கூடாது. தாய்மொழியில் ஒரு வார்த்தை பேசினாலும் மணி அடிக்கிறவரை அந்த அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு உட்கார வேண்டும். மாட்டிய பிள்ளைகள் அழுதுகொண்டே மூலையைக் கடித்திருக்கின்றன. எத்தனை பேர் எச்சில் ஊறியதோ, நாலு மூலையும் கூழாக நைந்து போயிருந்தன. தூக்கிக் குப்பையில் போட டீச்சருக்குக் கை துறுதுறுத்தது. வந்த அன்றைக்கே எதற்கு வம்பு என்று ஆணியிலேயே விட்டுவிட்டாள்.

பிள்ளைகளை எழுந்து நிற்கச் சொல்லி, "தூர்னே ஆ கோஷ்" என்றாள். இடப்பக்கம் திரும்பு என்று அர்த்தம். வகுப்பு மொத்தமும் டக்கென்று வலப்பக்கம் திரும்பியது. ஒரு பிள்ளை மாறித் திரும்பியிருந்தால் போகட்டும் என்று விடலாம். பாதிப் பேர் என்றாலும் சரி, கவனம் இல்லை என்று சொல்லலாம். இதுவோ ஒருத்தர் பாக்கியில்லாமல் வலப்பக்கம். "ஆ துருவாத்" என்றாள், அது வலப்பக்கத்துக்கு. எல்லாரும் சந்தோஷமாக இடப்பக்கம் திரும்பி நின்றார்கள். அவளுக்கே ஒரு நிமிஷம் தன் கைகளின் மேல் சந்தேகம் வந்துவிட்டது.

மத்தியானம் பிள்ளைகள் சாப்பிடப் போன நேரத்தில் தொடுதிரையைப் போட்டுப் பார்த்தபோதுதான் விஷயம் விளங்கியது. பழைய டீச்சர் மசக்கையோடு மூலையில் உட்கார்ந்துகொண்டு, பாடம் நடத்தும் பொறுப்பை ஒரு வீடியோவிடம் ஒப்படைத்திருக்கிறாள். அதில் முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரிக்கிற ஒரு பெண், பிள்ளைகளைப் பார்த்து நின்று, தன் இடது கையைத் தூக்கி "ஆ கோஷ்" என்று பாடினாள். எதிரே நிற்கிற பிள்ளை என்ன செய்யும்? கண்ணாடி பார்ப்பதுபோல அதே பக்கத்துக் கையைத் தூக்கும். அது பிள்ளைக்கு வலது கை.

சின்னப் பிள்ளைகளுக்கு எதிரே நின்று பாடம் எடுத்துக் குப்பை கொட்டிய எவருக்கும் இது தெரியும். வாய் இடது என்று சொல்லும்போது கை வலதைத்தான் தூக்க வேண்டும். செய்து செய்து நம் டீச்சருக்கு வீட்டில் புருஷனுக்கு வழி சொன்னாலும் கை மாறித்தான் போகும். அதற்கும் ஒரு புத்திமதி உண்டு. அந்தச் சிரிப்புக்காரிக்கு இதெல்லாம் யார் சொல்லித் தந்தது? அப்படியும், யாராவது ஒருத்தர் ஒரே ஒரு தடவை தாய்மொழியில் 'இடது' என்று வாயைத் திறந்திருந்தால் பிள்ளைகள் கப்பென்று பிடித்துக்கொண்டிருக்கும். அதைத்தான் சொல்லக் கூடாதே!

இதில் பெரிய கொடுமை, தப்பு வெளியே தெரியாததுதான். விழாவுக்கென்று ஒரு பெரிய பிளெக்ஸ் அடித்து வைத்திருந்தார்கள். தரையில் விரித்தால் ஒரு சின்ன ஊர்: தெருக்கள், ரயிலடி, ரொட்டிக் கடை, வங்கி, ஆஸ்பத்திரி, நடுவில் நீலமாக ஒரு குளம். ஒரு பிள்ளை தெருமுனையில் நின்று "ஊ ஏ லா கார்?" என்று ரயிலடிக்கு வழி கேட்கும். ஸ்டூல் மேல் நிற்கிற பிள்ளை "நேரே போ, ஆ கோஷ் திரும்பு" என்று பிரெஞ்சில் சொல்லும். சொல்கிறவனும் தப்பு, நடக்கிறவனும் அதே தப்பு. இரண்டு தப்பும் கைகோத்துக்கொண்டு போய் ரயிலடி வாசலில் சரியாக நிற்கும். குருடனுக்குக் குருடன் வழி காட்டினால் குழியில் விழுவான் என்பார்கள். இங்கே விழவும் இல்லை, அதனால் யாருக்கும் கண்ணும் திறக்கவில்லை.

பிரின்சிபாலிடம் போய்ச் சொன்னாள். அவர் டீயில் பிஸ்கட்டை நனைத்துக்கொண்டிருந்தார். நனைந்த பாதி உடைந்து கோப்பைக்குள் விழுந்தது. விரலை விட்டுத் துழாவி எடுத்து வாயில் போட்டுக்கொண்டே கேட்டார்.

"போய்ச் சேர்றாங்களா, இல்லையா?"

"சேர்றாங்க சார். ஆனா இடம் வலம் மாறியிருக்கு."

"ஆளுக்கு ஒரு பக்கமா போறாங்களா?"

"இல்ல சார், எல்லாரும் ஒரே மாதிரி மாத்திப் போறாங்க."

"அப்புறம் என்னம்மா? எல்லாரும் ஒரே மாதிரி பண்ணா அது எப்படித் தப்பாகும்?"

"நாளைக்கு நிஜ ஊருல போய் வழி கேட்டா..." என்று டீச்சர் இழுத்தாள்.

"எத்தனை பேரு போகப் போறான்? விழா பக்கத்துல வந்துடுச்சு. இப்பப் போயி மாத்துடான்னா பாதிப் பேரு இப்படிப் போவான், பாதிப் பேரு அப்படிப் போவான், நடுவுல முட்டிக்கிட்டு நிப்பான். சீஃப் கெஸ்ட்டுக்கு பிரெஞ்சு தெரியுமா? தெரியாது. பெத்தவங்களுக்குத் தெரியுமா? தெரியாது. தெரிஞ்சது உங்க ஒருத்தருக்குத்தான்." விரலில் ஒட்டியிருந்த பிஸ்கட்டை நக்கினார். "உங்களுக்கும் தெரியாதுன்னு நெனச்சுக்குங்க. முடிஞ்சது."

அந்த நக்கிய விரலையே அவள் பக்கம் நீட்டி, போகலாம் என்று சைகை காட்டினார். சீ என்று ஆகிவிட்டது அவளுக்கு. சாயங்காலம் புருஷனிடம் சொன்னாள். "அவரு சொல்றதுதான் சரி. ஊரோட ஒத்துப் போ. உனக்கு மட்டும் ஏன் எல்லா இடத்துலயும் வாய் சும்மா இருக்க மாட்டேங்குது?" என்றான். நான் அப்பவே சொன்னேன் என்பதை எதிர்காலத்துக்காகச் சேர்த்து வைக்கிறான் என்று அவளுக்குத் தோன்றியது.

ஆனால் எத்தனை பேர் போகப் போகிறார்கள் என்று பிரின்சிபால் கேட்டதற்குப் பதில் இருந்தது. ஒருத்தி போகப் போகிறாள். வகுப்பில் அவளுக்கு 'ஏரோப்ளேன்' என்றே பெயர், ஏரோப்ளேனில் போகப் போவதை இருக்கிற எல்லாரிடமும், தண்ணீர் கேன் போட வருகிறவர் உட்பட, சொல்லிவிட்டிருந்தாள். அவளுடைய அம்மா பிரெஞ்சு பேசுகிற ஓர் ஊரில் ஆஸ்பத்திரி நர்ஸ். விழாவும் விடுமுறையும் முடிந்த கையோடு அப்பாவும் மகளும் அங்கே போய்ச் சேர்ந்துகொள்வதாக ஏற்பாடு. அப்பா ஒரு நாள் வகுப்பு வாசலில் வந்து கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"டீச்சர், கவிதை, பாட்டு எதுவும் வேணாம். வழி கேக்க, சொல்றதைப் புரிஞ்சுக்க வந்தாப் போதும். இவ அம்மாவுக்கு ராத்திரி பகல்னு மாறி மாறி டூட்டி. எனக்கு பாஷை ஒரு எழுத்து தெரியாது. எங்கயாவது தொலைஞ்சு போனா இவதான் என்னைக் கூட்டிட்டு வரணும்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். டீச்சருக்குச் சிரிப்பு வரவில்லை. 'ஆ கோஷ்' என்று யாரோ சொல்ல, ஒரு சிறுமி அப்பாவின் கையைப் பிடித்து நம்பிக்கையோடு வலப்பக்கம் இழுத்துக்கொண்டு போவது அவள் கண் முன்னால் வந்தது.

அன்றைக்கு மற்றவர்கள் வீட்டுக்குப் போன பிறகு ஏரோப்ளேனை வராந்தாவுக்குக் கூட்டிக்கொண்டு வந்தாள். எதிரே நிற்காமல் பக்கத்தில் நின்றாள், இரண்டு பேரும் ஒரே பக்கம் பார்த்தபடி. அறைக்கு வெளியேதானே என்று மனசைத் தேற்றிக்கொண்டு தாய்மொழியிலேயே சொன்னாள்.

"இது உன்னோட எந்தக் கை?"

"இடது கை மிஸ்."

"கோஷ்னா இதுதான்."

பிள்ளை தன் இடது கையை, புதிதாக முளைத்ததைப் பார்ப்பதுபோலத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அப்ப துருவாத்?"

"வலது."

"அப்ப எல்லாரும் தப்பா மிஸ்?"

"ஆமா கண்ணு."

"மைக்கும் தப்பா?" மைக் என்பது வகுப்பிலேயே உரத்த தொண்டை உள்ள பையன், ஸ்டூல் மேல் நின்று வழி சொல்வதெல்லாம் அவன்தான்.

"மைக்கும் தப்புதான்."

இதைக் கேட்டதில் ஏரோப்ளேனுக்கு ஏற்பட்ட சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல. வராந்தா நெடுக கோஷ், துருவாத் என்று தனக்குத் தானே கட்டளை போட்டுக்கொண்டு திரும்பித் திரும்பி நடந்தாள். ஒரு தடவைகூட மாறவில்லை. திரும்பி வந்து மூச்சு வாங்க நின்று, "எல்லாருக்கும் சொல்லுவீங்களா மிஸ்?" என்று கேட்டாள்.

"விழா முடிஞ்சதும் சொல்றேன்."

"நிஜமா?"

"நிஜமா." சொல்லும்போதே வாயில் ஏதோ கசந்தது.

ஏரோப்ளேனை நிகழ்ச்சியில் சேர்க்காமல் விட்டுவிடலாம் என்று டீச்சர் கணக்குப் போட்டு வைத்திருந்தாள். பிரின்சிபால் விடவில்லை. "வெளிநாடு போற புள்ளை! அதை மேடையில சொன்னாலே கை தட்டுவான். அவளை நடக்க விடுங்க" என்றார். சரி, அன்றைக்கு ஒரு நாள் மட்டும் மற்றவர்கள் மாதிரியே மாற்றிப் போ என்று பிள்ளையிடம் சொல்லிவிடலாமா? ஒரு முறை கூப்பிட்டு நிறுத்திக்கூட விட்டாள். "என்ன மிஸ்?" என்று அந்த முகம் நிமிர்ந்ததும் தன்மேலேயே அருவருப்பாகி, "ஒண்ணுமில்ல, ஓடு" என்று அனுப்பிவிட்டாள். கடைசியில் ஒரு கோழைத்தனமான யோசனை கிடைத்தது. ரொட்டிக் கடைக்குத் திருப்பமே கிடையாது, நேரே போனால் போதும். ஏரோப்ளேன் கேட்கவேண்டிய இடம் ரொட்டிக் கடை என்று முடிவு செய்தாள். இடமும் இல்லை, வலமும் இல்லை, யாருக்கும் பாதகமில்லை.

விழா அன்று மண்டபம் நிரம்பி வழிந்தது. ஊதுபலூன் வாடையும் சென்ட் வாடையும் வியர்வையும் சேர்ந்து மூச்சை அடைத்தன. முன்வரிசை நடுவில் சீஃப் கெஸ்ட், டைல்ஸ் கடை முதலாளி, கால்மேல் கால் போட்டுப் பல் குத்திக்கொண்டிருந்தார். குத்தி எடுத்ததை ஒரு பார்வை பார்த்துவிட்டு நாற்காலிக்கு அடியில் தடவினார். அந்தக் கையால்தான் பரிசு கொடுக்கப் போகிறார் என்று டீச்சர் நினைத்துக்கொண்டாள்.

முதலில் நடந்த பிள்ளைகள் எல்லாரும் சரியாகப் போய்ச் சேர்ந்தார்கள். மைக் கத்திக் கத்தி வழி சொன்னான், கைதட்டல் கூரையைப் பிய்த்தது. கடைசியாக ஏரோப்ளேன் வந்தாள். அவள் வெளிநாடு போகப் போவதை பிரின்சிபால் அறிவித்தார். அவர் சொன்ன மாதிரியே கை தட்டினார்கள். அவளுடைய அப்பா இரண்டாவது வரிசையில் எழுந்து நின்று போனில் படம் எடுத்தார்.

ஏரோப்ளேன் தெருமுனையில் நின்று ரொட்டிக் கடைக்கு வழி கேட்க வாயெடுத்தாள். அதற்குள் சீஃப் கெஸ்ட் கையை உயர்த்தினார்.

"இரும்மா. அம்மா நர்ஸுன்னு சொன்னாங்கல்ல? ஆஸ்பத்திரிக்குப் போயிக் காட்டு, பாப்போம்!"

மண்டபம் 'ஆகா' என்றது. ஆஸ்பத்திரிக்குத் திரும்பாமல் போக முடியாது: தெருவுக்கு வலப்பக்கம் அது, இடப்பக்கம் குளம்.

"ஊ ஏ லோப்பித்தால்?" என்று ஏரோப்ளேன் கணீரென்று கேட்டாள்.

மைக் சொன்னான்: நேரே போ. போனாள். "தூர்னே ஆ கோஷ்!" என்றான். ஏரோப்ளேன் ஒரு வினாடி நின்றாள். தன் இடது கையைக் குனிந்து பார்த்தாள். இடப்பக்கம் திரும்பி நாலடி வைத்தாள். குளத்துக்குள் நின்றாள்.

சிரிப்பு பின்வரிசையிலிருந்து கிளம்பி முன்னால் வந்தது. மைக் ஸ்டூலில் குதித்து, "ஆ கோஷ்! ஆ கோஷ்!" என்று வலப்பக்கம் கையைக் காட்டினான். பிள்ளை நகரவில்லை. சொன்ன வழியில்தானே வந்திருக்கிறாள், எதற்கு நகர வேண்டும்? "குளிச்சிட்டு மெதுவா வாம்மா!" என்று சீஃப் கெஸ்ட் சத்தம் போட்டார். தாய் தகப்பன் எல்லாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஏழு வயசுப் பிள்ளையைப் பார்த்து இத்தனை வாய்கள் இத்தனை அகலமாகத் திறந்திருந்ததை டீச்சர் அதற்கு முன் பார்த்ததில்லை. எல்லா வாய்க்குள்ளும் கையை விட்டு எதையாவது திணிக்க வேண்டும் போல இருந்தது.

ஏரோப்ளேன் சிரித்தவர்களைப் பார்க்கவில்லை. டீச்சரைத்தான் பார்த்தாள். அந்தப் பார்வையில் பயம் இல்லை. சொல்லுங்க மிஸ் என்று காத்திருந்தது.

பிரின்சிபால் ஒலிவாங்கியைக் கொண்டுவந்து டீச்சர் கையில் வைத்தார். அதுவும் ஈரமாக இருந்தது. "நம்ம பிரெஞ்சு மேடமே சொல்லட்டும், என்ன ஆச்சுன்னு" என்றவர், குனிந்து காதருகே, "பாத்துப் பேசுங்க" என்றார்.

சொல்வதற்கு அதிகம் ஒன்றும் தேவையில்லை. இந்தப் பிள்ளை சொன்னபடிதான் போயிருக்கிறாள், மற்றவர்கள்தான் மாறிப் போனார்கள் என்று ஒரு வரி போதும். அது அவளுடைய நாக்கின் நுனிவரை வந்தது. மூடிய பள்ளிக்கூடமும், வீட்டில் உட்கார்ந்த நாட்களும், புருஷனின் முகமும் அதைவிடச் சீக்கிரமாக வந்து சேர்ந்தன.

"பயந்துட்டா" என்றாள் டீச்சர். "கூட்டத்தைப் பாத்துப் பயந்துட்டா. மாத்திப் போயிட்டா. இன்னொரு தடவை போவா."

"பாவம்" என்றது மண்டபம், அன்பாக.

ஏரோப்ளேன் குளத்தை விட்டு வெளியே வந்து தெருமுனைக்குத் திரும்பினாள். மறுபடி கேட்டாள், மறுபடி மைக் சொன்னான். 'ஆ கோஷ்' என்றதும் கையைப் பார்க்கவில்லை. டீச்சரின் முகத்தைப் பார்த்துக்கொண்டே வலப்பக்கம் திரும்பி நடந்தாள். ஆஸ்பத்திரி வாசலில் நின்றாள். கைதட்டல் முன்னதைவிட இரண்டு மடங்கு வந்தது. சீஃப் கெஸ்ட் அந்தக் கையால் அவள் கன்னத்தைக் கிள்ளிப் பரிசு கொடுத்தார். அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். டீச்சரும் கை தட்டினாள். தட்டாவிட்டால் நன்றாக இருக்காதே.

"உங்க வேலை உறுதி" என்று பிரின்சிபால் கை கொடுத்தார். அவள் கழிப்பறைக்குப் போய்ச் சோப்புப் போட்டுக் கழுவினாள். கழுவக் கழுவப் பிசுபிசுப்பு போகவில்லை. அவருடைய கையை மட்டும் குற்றம் சொல்லிப் பிரயோஜனமில்லை என்று தெரிந்திருந்தது. நிமிர்ந்தால் கண்ணாடியில் தன் வாய் தெரியும் என்பதால் குனிந்தபடியே வெளியே வந்தாள்.

விடுமுறை கழிந்து பள்ளி திறந்த அன்று, அப்பாவும் மகளும் டி.சி. வாங்க வந்திருப்பதாக யாரோ சொன்னார்கள். டீச்சர் வகுப்பை அப்படியே விட்டுவிட்டு அலுவலக வாசலுக்கு ஓடினாள். அப்பா உள்ளே கையெழுத்துக்குக் காத்திருந்தார். ஏரோப்ளேன் வெளியே பெஞ்சில், புதுச் சட்டையில், காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். டீச்சரைக் கண்டதும் ஒழுங்காக எழுந்து நின்றாள்.

"குட்மார்னிங் மிஸ். நான் இப்ப சரியாப் போறேன் மிஸ். அப்பாகூட வீட்டுல பழகினேன். கோஷ்" என்று வலது கையை உயர்த்திக் காட்டினாள். "துருவாத்." இடது கை.

டீச்சர் மண்டியிட்டு அந்த இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"இல்லடா கண்ணு. அன்னிக்கு நீ முதல்ல போனியே, அதுதான் சரி."

"குளத்துக்குள்ள போனதா?"

"ஆமா. கோஷ்னா இடது. நான் உனக்குச் சொல்லிக் கொடுத்ததுதான். மாறவே இல்ல."

பிள்ளை யோசித்தாள். நெற்றி சுருங்கியது.

"அப்ப ஏன் மிஸ் நான் பயந்துட்டேன்னு சொன்னீங்க?"

வேலை, சோதனைக் காலம், பெரியவர்கள் விஷயம், எதைச் சொன்னாலும் சொன்ன உடனே நாற்றமடிக்கும் என்று டீச்சருக்குத் தோன்றியது.

"நான் பயப்படவே இல்ல மிஸ்."

"தெரியும்டா. நான்தான் பயந்துட்டேன். தப்பு என் மேலதான். இப்ப சொல்றேன், கேட்டுக்கோ, கோஷ்னா..."

பிள்ளை தன் கைகளை மெல்ல விடுவித்துக்கொண்டாள். கோபமில்லை, அழுகையில்லை. பெரியவர்களைச் சங்கடப்படுத்தக் கூடாது என்று வீட்டில் சொல்லி வளர்த்திருந்த பிள்ளை. டீச்சரின் தோளை ஒரு தட்டுத் தட்டிச் சமாதானம் சொன்னாள்.

"பரவால்ல மிஸ். அங்க போயி அம்மாகிட்டயே கேட்டுக்கறேன்."